பிளாக்கில் ஒட்டிக்கொண்ட ரப்பர் ரிங்: சிஆர்-வி தீ விபத்துகளும் வீட்டில் ஆயில் ஃபில்டர் மாற்றும் முறையும்

2004-ல் அமெரிக்காவில் ஹோண்டா சிஆர்-வி கார்கள் சில ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தன. 2003, 2004 மாடல் வண்டிகள். அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள் போயின. பல வண்டிகள் 16,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. வயரிங் கருகவில்லை, பெட்ரோல் குழாய் வெடிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: முதல் தடவையாக ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய கொஞ்ச காலத்திலேயே தீ.

விசாரணை சுட்டிக்காட்டிய காரணம் மிகச் சின்னது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் கேஸ்கெட் என்ஜின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. மாற்றியவர் அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை அதன் மேலேயே ஏற்றினார். ஒரு ரிங் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. அழுத்தம் தாங்காமல் ஆயில் பீய்ச்சி, சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டு, தீ. தயாரிப்புக் குறை இல்லை, ஃபில்டரைச் சரியாக மாட்டாததே காரணம் என்று முதல் விசாரணை முடிந்தது. ஹோண்டாவும் தன் டீலர்களை எச்சரித்தது.

வீட்டில் தானே ஃபில்டர் மாற்றுகிற எவருக்கும் இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆயில் மாற்றுவதையே தினசரி வேலையாகச் செய்கிறவர்கள் கையில்கூட இது நடந்திருக்கிறது. பழக்கம் இருந்தும் நடந்த தவறு என்பதால், எந்த இடத்தில் கண் தவறுகிறது என்பதை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு ரிங் போதும், இரண்டு ஏன் ஆபத்து

ஸ்பின்-ஆன் ஃபில்டர் என்பது நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த இரும்பு டப்பா. வாய்ப்பக்கம் நடுவில் மரை போட்ட துளை, அதைச் சுற்றிச் சின்னத் துளைகள், ஓரத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் ரப்பர் ரிங் உட்கார்ந்திருக்கும். பிளாக்கில் இருக்கும் மரைக்குழாயில் டப்பாவைச் சுற்றி ஏற்றும்போது ரிங் பிளாக்கின் வழவழப்பான முகத்தில் பட்டு நசுங்கி அடைத்துக்கொள்ளும்.

அடைப்பது ரப்பர் என்றாலும் ரப்பரைப் பிடித்து வைப்பது பள்ளத்தின் சுவர். ஆயில் உள்ளிருந்து வெளியே தள்ளும்போது ரிங் வெளிப்பக்கமாக நகரப் பார்க்கும், பள்ளச் சுவர் அதைத் தடுக்கும். பழைய ரிங் பிளாக்கில் ஒட்டியிருந்தால் அதைச் சுற்றி எந்தச் சுவரும் கிடையாது. தட்டையான முகத்தில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. புது ரிங் அதன் முதுகில் ஏறி உட்கார்கிறது. ரப்பர் மேல் ரப்பர், நடுவில் ஆயில் வழவழப்பு. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வர வேறென்ன வேண்டும்?

அந்த சிஆர்-வியில் இருந்தது 2.4 லிட்டர் கே24ஏ1 என்ஜின். என்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும்போது, ஆயில் அழுத்தம் குறைந்தது 70 கிலோபாஸ்கலும், 3,000 ஆர்பிஎம்மில் குறைந்தது 300 கிலோபாஸ்கலும் இருக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் அளவு. 300 கிலோபாஸ்கல் என்றால் சுமார் 44 பிஎஸ்ஐ, கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து உடனே ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் இன்னும் ஏறும்.

அதனால்தான் இந்தத் தவறு வேலை முடிந்த கையோடு தெரிவதில்லை. ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு இருக்காது. வேலை முடிந்தது என்று வண்டியை எடுத்துப் போவார்கள். இரண்டு நாள் கழித்து நெடுஞ்சாலையில் ஏறும்போதோ, ஒரு குளிர்ந்த காலையிலோ, ரிங்கின் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வரும். அந்த இடைவெளி வழியாகப் பம்ப் தள்ளுகிற ஆயில் அத்தனையும் வெளியேறும். பம்ப் நிமிடத்துக்குப் பல லிட்டர் தள்ளக்கூடியது. என்ஜினில் இருப்பதோ 4.2 லிட்டர். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் காலியாக அதிக நேரம் ஆகாது.

தீ எங்கிருந்து வந்தது

இதே தவறு உலகம் முழுக்க எத்தனையோ கார்களில் நடக்கிறது. பெரும்பாலும் தரையில் ஆயில் குளம், சில சமயம் பேரிங் போய் என்ஜின் ஜாம். சிஆர்-வியில் தீயாக மாறியதற்குக் காரணம் ஃபில்டர் இருந்த இடம். அந்த என்ஜினில் இன்டேக் முன்பக்கம், எக்ஸாஸ்ட் பின்பக்கம். ஃபில்டரும் பின்பக்கத்தில்தான். பிதுங்கிய ஆயில் நேராக எக்ஸாஸ்ட் பாகங்கள் இருக்கும் பக்கம் போகிறது. என்ஜின் ஆயிலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை, 200 டிகிரி செல்சியஸைத் தாண்டி இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கேட்டலிட்டிக் கன்வெர்டரும் அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். முதலில் கருகிய வாடை, அப்புறம் வெண்புகை, அப்புறம் நெருப்பு.

மாட்டியவர் மீது மட்டும் பழி போட்டு இதை முடிப்பது சரியில்லை என்பது எங்கள் கருத்து. ஃபில்டர் முகத்தை நேராகப் பார்க்க முடியாத இடத்தில் வைத்து, அதே பக்கத்தில் எக்ஸாஸ்டையும் வைத்தால், சின்னத் தவறுக்குப் பெரிய தண்டனை என்றாகிவிடுகிறது. ஆனால் வண்டியின் அமைப்பை வீட்டில் இருந்துகொண்டு மாற்ற முடியாது. செய்ய முடிந்தது ஒன்றுதான்: வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வண்டியில் ஃபில்டர் எங்கே இருக்கிறது, அதன் கீழேயும் பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் என்றால் கசிவுச் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

ரிங் ஏன் ஒட்டிக்கொள்கிறது

மூன்று காரணங்கள் சேர்ந்தே வரும். ரிங்கில் ஆயில் தடவாமல் காய்ந்தபடியே மாட்டியிருப்பார்கள். அல்லது தேவைக்கு மேல் இறுக்கியிருப்பார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சூட்டில் ரப்பர் நசுங்கிய வடிவிலேயே இறுகிப்போய் உலோகத்தோடு பசை போட்டதுபோல் ஆகிவிடும். இன்னொரு பக்கம், ஃபில்டர் பள்ளத்தில் ரிங்கைப் பிடித்திருப்பது லேசான பிடிப்புதான். பிளாக் இழுக்கும் பலம் அதிகமாக இருந்தால் டப்பா மட்டும் கையோடு வரும், ரிங் அங்கேயே நிற்கும்.

கறுப்பு ரிங், ஆயில் படிந்த கறுத்த பிளாக், கீழே படுத்துக்கொண்டு பார்க்கும் கோணம், முகத்தில் சொட்டும் ஆயில். கண்ணுக்குத் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. அதனால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது.

வேலை: தொடக்கத்திலிருந்து

இங்கே கொடுக்கும் அளவுகள் அந்த 2.4 லிட்டர் சிஆர்-விக்கு உரியவை. முறை எல்லா ஸ்பின்-ஆன் ஃபில்டருக்கும் பொருந்தும், அளவுகள் பொருந்தாது. உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து ஆயில் கிரேடு, லிட்டர் அளவு, ஆயில் வடிக்கும் டிரெய்ன் பிளக்கின் டார்க் (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு) மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வேண்டியவை: 5டபிள்யூ-20 ஆயில் 4.2 லிட்டர் (ஃபில்டரும் சேர்த்து மாற்றும்போது), ஃபில்டர், டிரெய்ன் பிளக்குக்குப் புது 14 மி.மீ. வாஷர், 17 மி.மீ. ஸ்பேனர் அல்லது சாக்கெட், ஃபில்டர் ரென்ச், டார்க் ரென்ச், 6 லிட்டராவது கொள்ளும் அகலத் தட்டு, புனல், டார்ச், கையுறை, பனியன் வேஸ்ட். ஜாக் போட்டால் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். வண்டியோடு வரும் டயர் மாற்றுகிற ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்று அல்ல. பாரம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால் அழுக்கோடு சேர்ந்து நன்றாக இறங்கும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த கையோடு தொடங்கினால் ஆயிலும் எக்ஸாஸ்டும் கையைப் பொசுக்கிவிடும். மட்டமான தரை, ஹேண்ட்பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டை. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டால் வடிவது சுலபமாகும்.

பிளக்கை ஸ்பேனரில் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால், உள்நோக்கி அழுத்தியபடியே கழற்றுங்கள். மரை முழுவதும் விட்டது தெரிந்ததும் சட்டென்று விலக்கினால் ஆயில் முழங்கைக்கு ஓடாது. பத்து நிமிடம் வடிய விட்டு, புது வாஷரோடு பிளக்கைக் கையால் ஏற்றி, 39 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இந்த என்ஜினின் சம்ப் அலுமினியம். நீளக் கைப்பிடி ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் பிடித்து இறுக்கினால் பிளக்குக்கு ஒன்றும் ஆகாது, சம்ப்பின் மரைதான் அழியும். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் கசியும், கசிகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள், மரை போகும். அடிக்கடி நடக்கும் கதை இது. சில ரூபாய் வாஷரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஃபில்டர் கழற்றும் அந்த ஒரு நிமிடம்

தட்டை ஃபில்டருக்குக் கீழே நகர்த்துங்கள். எக்ஸாஸ்ட் பாகங்கள் கீழே இருந்தால் அவற்றின் மேல் பிளாஸ்டிக் தாளோ மடித்த அட்டையோ வைத்து ஆயிலைத் திருப்பிவிடுங்கள். ரென்ச் போட்டு இடப்பக்கம் சுற்றித் தளர்த்தி, அப்புறம் கையால் கழற்றுங்கள். டப்பாவுக்குள் கால் லிட்டர் வரை ஆயில் நிற்கும். வாயை மேல்நோக்கித் திருப்பியபடி வெளியே எடுங்கள். சிலர் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருகச் சொல்வார்கள். தகரம் கிழிந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் போய்விடும். அது கடைசி வழி.

ஃபில்டர் கைக்கு வந்ததும் கீழே வைக்காதீர்கள். முதலில் அதன் வாயைப் பாருங்கள். பள்ளத்தில் ரிங் முழுசாக இருக்கிறதா? இருந்தால் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒரு துண்டு கிழிந்து பிளாக்கில் நின்றிருக்கலாம். பள்ளம் வெறுமையாக, பளபளவென்று தகரம் தெரிந்தால் ரிங் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரிங் ஃபில்டரோடு வந்திருந்தாலும் அடுத்த சோதனையை விடக்கூடாது. முந்தைய தடவை மாற்றியவர் ஏற்கெனவே இரண்டு ரிங் போட்டிருந்தால், இப்போது ஒன்று மட்டும் வந்திருக்கும். துணியால் பிளாக் முகத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். பிறகு ஆள்காட்டி விரலின் நகத்தை முகத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நாலு இடத்தில் இழுங்கள். உலோகம் என்றால் நகம் வழவழவென்று தடையில்லாமல் போகும். ரிங் இருந்தால் ஒரு படி தட்டும், அழுத்தினால் லேசாக மெத்தென்று இருக்கும். ஆயிலும் அழுக்கும் மூடிக் கறுப்பு முகம்போலவே தெரிகிற ரிங், நகத்திடம் மட்டும் மாட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் அல்லது மரத்துண்டால் கிளப்பி எடுங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே புது ரிங்கும் கசியும்.

இத்தனைக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. சிஆர்-வி வழக்கில் தவறிப்போனது இந்த ஒரு நிமிடம்தான்.

புதியதை மாட்டுவது

புது ஃபில்டரைப் பழையதோடு வாய்க்கு வாய் வைத்து ஒப்பிடுங்கள். ரிங்கின் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். மரை இன்னும் முக்கியம். ஹோண்டாவின் மரை 20 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.5 மி.மீ. இடைவெளி. வேறு பல கார்களில் முக்கால் அங்குல மரை, அதாவது 19.05 மி.மீ. முக்கால் அங்குலக் குழாயில் 20 மி.மீ. ஃபில்டரைச் சுற்றினால் ஏறிவிடும்! இறுகியதுபோலவும் தோன்றும். மரை பாதிதான் பிடித்திருக்கும். அழுத்தம் வந்ததும் டப்பாவே கழன்று விழும். கையால் ஏற்றும்போது லொடலொடவென்று ஆடினால் நிறுத்திவிடுங்கள். வண்டி மாடலைச் சொல்லிச் சரியான எண்ணுள்ள ஃபில்டரை நம்பகமான கடையில் வாங்குவதுதான் வழி. பெட்டி ஒரிஜினல்போல் இருந்து உள்ளே சரக்கு போலியாக இருப்பது நம் சந்தையில் புதிதல்ல.

உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகளுக்காகவும் சரியான ஃபில்டர் வேண்டும். ஒன்று பைபாஸ்: காகிதம் அடைத்துக்கொண்டால் வடிகட்டாத ஆயிலையாவது என்ஜினுக்கு அனுப்பும். இன்னொன்று ரப்பர் மடிப்பாக இருக்கும் ஆன்டி டிரெய்ன்-பேக்: வண்டி நிற்கும்போது ஆயில் சம்ப்புக்கு இறங்காமல் தடுக்கும். ஃபில்டர் கிடைவாக்கில் இருக்கும் என்ஜின்களில் இது மட்டமானதாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வரும்.

புது ரிங்கில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம். இந்த ஆயில் பூச்சுதான் அடுத்த தடவை ரிங் பிளாக்கில் ஒட்டாமல் காப்பாற்றும். கையால் சுற்றி ஏற்றி, ரிங் பிளாக்கைத் தொடும் இடம் வரை போங்கள். அங்கிருந்து முக்கால் சுற்று. டார்க் ரென்ச்சில் 12 நியூட்டன் மீட்டர். அடியில் எண்களோ முக்கோணக் குறிகளோ அச்சிட்ட ஃபில்டர் என்றால் எண்ணிக்கொள்வது சுலபம்: நான்கு குறி இருந்தால் மூன்று குறி தூரம். குறி இல்லையென்றால் ஒரு பெயின்ட் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு எப்போதும் கைப்பலம் போதும். ரென்ச்சில் தொங்கி இறுக்குவதுதான் அடுத்த தடவை ரிங் ஒட்டிக்கொள்ளக் காரணம்.

காட்ரிட்ஜ் வகை, அதாவது பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் மட்டும் மாற்றும் வண்டிகளில் டப்பா இல்லை, ஆனால் இதே ஆபத்து ஓ-ரிங் வடிவில் உண்டு. பழைய ஓ-ரிங்கை மூடியின் பள்ளத்திலிருந்து எடுத்துவிட்டு, புதியதை அதே பள்ளத்தில், முறுக்கில்லாமல், ஆயில் தடவிப் போட வேண்டும். மூடியின் மேலேயே டார்க் அச்சிட்டிருக்கும்; பலவற்றில் 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

ஊற்றுவதும் சோதிப்பதும்

3.8 லிட்டர் ஊற்றி நிறுத்துங்கள். கேனில் இருப்பதை எல்லாம் கவிழ்க்க வேண்டாம். மட்டம் அதிகமானால் என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பேரிங்கைக் காக்காது.

ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஆயில் விளக்கைப் பாருங்கள். ஃபில்டர் நிறையச் சில நொடி பிடிக்கும். ஐந்து நொடிக்குள் அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அணைந்தால், ஒருவர் உள்ளே இருக்க இன்னொருவர் டார்ச்சோடு ஃபில்டர் ஓரத்தையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். இங்கேதான் பலரும் வேலையை முடித்துவிடுகிறார்கள். இரட்டை ரிங் ஐட்லிங்கில் காட்டிக்கொடுக்காது என்பதை நினைவில் வையுங்கள். என்ஜின் சூடானதும் 2,500 முதல் 3,000 ஆர்பிஎம் வரை ஒரு நிமிடம் பிடித்து, மறுபடி பாருங்கள். ஓரத்தைத் துடைத்துவிட்டுச் சுத்தமான வெள்ளைத் துணியால் ஒற்றினால் மெல்லிய கசிவும் தெரியும். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து மேல் குறி வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் ஒரு தடவை, மறுநாள் காலை குளிர்ந்த ஸ்டார்ட்டுக்குப் பின் இன்னொரு தடவை அடியில் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்தில் இரவு ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தால் காலையில் அதுவே பதில் சொல்லும்.

ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அது மட்டம் குறைந்ததற்கான அறிவிப்பு அல்ல. அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது என்று பொருள். ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டக்கூடாது. ஓரம் கட்டி, உடனே என்ஜினை அணைத்து, கருகிய வாடையோ புகையோ இருந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள், திறந்தால் காற்று புகுந்து நெருப்பு ஓங்கும்.

பழைய ஃபில்டரை இந்தச் சோதனைகள் முடியும் வரை வைத்திருங்கள். கசிவு தெரிந்தால் அதன் பள்ளத்தைப் பார்த்தே ரிங் எங்கே போனது என்று சொல்லிவிடலாம். சந்தேகம் தீர்ந்ததும் தலைப்பக்கம் ஒரு துளை போட்டு, வாய் கீழாக ஒரு நாள் கவிழ்த்து வடித்து, அந்த ஆயிலையும் மற்றதோடு சேர்த்து மூடியுள்ள கேனில் நிரப்புங்கள். பயன்படுத்திய ஆயில் இந்தியாவில் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் கரையான் போகக் கதவில் தடவவும் இதைக் கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள். கழிவு ஆயிலைச் சேர்த்து அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்புகிற சர்வீஸ் ஸ்டேஷன் எது என்று விசாரித்து, ஃபில்டரையும் கேனையும் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.